ஒற்றைத் தண்டவாளத்தில் அரைமணித்தியாலத்துக்கு ஒரு வண்டி: காங்கேசன்துறை முதல் கொடிகாமம் வரை

#1 இணுவிலான்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் காலையிலும் மாலையிலும் அரைமணித்தியாலத்துக்கு ஒரு புகையிரதம் ஓடவேண்டும் என்று யாராவது சொன்னால், "ஒற்றைத் தண்டவாளத்தில் அது நடவாது, முதலில் இரண்டாவது பாதையைப் போடட்டும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் சரிதானா என்பதை, புகையிரத சேவையில் இருந்து அறிந்தவர்களும், பெரிய நகரங்களில் நாள்தோறும் புகையிரதத்தில் வேலைக்குச் செல்பவர்களும் விளக்கினால் நன்றாயிருக்கும்.

நான் மனத்தில் வைத்திருப்பது காங்கேசன்துறையில் தொடங்கி, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கொக்குவில் வழியாக யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை வழியாகக் கொடிகாமம் வரை செல்லும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பாதை. 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பியபோது நமக்குப் புதிய தண்டவாளமும் புதிய நிலையக் கட்டடங்களும் கிடைத்தன. அவை பெரும்பாலும் கொழும்புப் பயணத்துக்கே பயன்படுகின்றன. ஆனால் 1902இல் இங்கே முதன்முதலில் வண்டி ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான். கொழும்போடு தொடர்பு கிடைத்தது 1905இல். உள்ளூர்ப் பயணம் இந்தப் பாதையின் மூத்த பிள்ளை என்றே நான் எண்ணுகிறேன்.

எனவே என் கேள்வி இதுதான்: நெரிசல் நேரத்தில் ஒரு பாதையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது எது? தண்டவாளத்தின் எண்ணிக்கையா, வேகமா, மேடைகளா?

#2 கைகாட்டி

தம்பி இணுவிலான், இரண்டாவது பாதை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் நீங்கள் கேட்கும் அரைமணித்தியால சேவைக்கு அது முன்நிபந்தனை அல்ல. நான் நெடுங்காலம் நிலையங்களில் பணியாற்றியவன் என்ற முறையில், ஒற்றைப் பாதையின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நின்று மற்றதை விடுவதற்குப் பக்கப்பாதை உள்ள நிலையத்தைக் குறோசிங் நிலையம் என்போம். ஒற்றைப் பாதையில் இரண்டு குறோசிங் நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுண்டு. மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் துண்டுக்குள் நுழைய அனுமதியாகச் சாரதியின் கையில் கொடுக்கப்பட்டுவந்த டெப்லட் என்ற வில்லை ஆனாலும், இன்றைய வண்ண விளக்குச் சமிக்ஞை ஆனாலும், காப்பது இந்த ஒரே விதியைத்தான். ஒரு துண்டைக் கடக்க 8 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்து சேர்ந்ததும் தண்டவாளம் பிரியும் பொயின்ற்றை மாற்றிச் சமிக்ஞையை இறக்க 2 நிமிடம். எதிர்வண்டி அதே துண்டைக் கடக்க மீண்டும் 8 நிமிடம். பிறகு இன்னொரு 2 நிமிடம். மொத்தம் 20 நிமிடம். அதாவது அந்தத் துண்டின் வழியாக மணித்தியாலத்துக்கு ஒவ்வொரு திசையிலும் மூன்று வண்டிகளை அனுப்பலாம். நீங்கள் கேட்பது இரண்டுதான். பத்து நிமிடம் கையிருப்பாக மிஞ்சுகிறது.

இப்போது அதே துண்டு 14 நிமிட நீளம் என்று வையுங்கள். 14, 2, 14, 2. கூட்டினால் 32 வருகிறது. அரைமணித்தியால சேவை அந்த இடத்திலேயே முறிந்துவிடும். பாதையின் மற்ற எல்லாத் துண்டுகளும் 6 நிமிட நீளமாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் மிக நீளமான அந்த ஒரு துண்டுதான் முழுப் பாதைக்கும் அளவு வைக்கிறது. ஆகவே "எத்தனை தண்டவாளம்" என்று கேட்பதற்கு முன்னர், "குறோசிங் நிலையங்கள் எங்கெங்கே, அவற்றுக்கிடையில் எத்தனை நிமிடம்" என்று கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குறோசிங் நிலையம் என்று பெயருக்கு இருந்தால் போதாது. சமிக்ஞைக்கு அப்பால் போதிய இடைவெளி விடப்படாத நிலையத்தில் இரண்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கமுடியாது. ஒன்று மேடையில் முழுமையாக நின்ற பிறகே மற்றதற்கு வெளிச் சமிக்ஞையை விடுவிக்கவேண்டும். அதில் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். கொழும்புக்குப் போகும் நீண்ட வண்டி பக்கப்பாதையில் அடங்காவிட்டால், எப்போதும் உள்ளூர் வண்டியே ஒதுங்கி நிற்கவேண்டிவரும். கட்டடத்துக்குச் சாயம் பூசுவதை விட இந்தச் சில நூறு மீற்றர் தண்டவாளத்தை நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

#3 கே.கே.எஸ். வீதி

கணக்கு தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கில் உள்ள வண்டி எப்போதும் நேரத்துக்கு வருகிறது. 400 கிலோமீற்றர் ஓடிவரும் கொழும்பு வண்டி அரைமணித்தியாலம் பிந்தி வரும் நாளில் உங்கள் குறோசிங் எல்லாம் என்னவாகும் என்பதையும் சொல்லுங்கள்.

#4 தீவான்

சூரிச்சிலிருந்து எழுதுகிறேன். பிந்திவரும் வண்டியைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன். கைகாட்டி ஐயா சொன்னதோடு முதலில் ஒன்றைச் சேர்க்கவேண்டும்.

சுவிற்சர்லாந்தில் ஒற்றைப் பாதைகள் ஏராளம். ஆனாலும் அவற்றில் அரைமணித்தியாலத்துக்கு ஒரு வண்டி ஒழுங்காக ஓடுகிறது. காரணம், 1982 முதல் நாடு முழுவதும் ஒரே அச்சில் வார்த்த நேர அட்டவணைதான் நடைமுறையில் உள்ளது; ஒரு நிலையத்திலிருந்து 7.12க்குப் புறப்படும் வண்டி, 7.42க்கும் 8.12க்கும் 8.42க்கும் அதேபோலப் புறப்படும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அரைமணித்தியாலத்துக்கு ஒரு வண்டி இரு திசைகளிலும் ஓடினால், நீங்கள் ஏறியிருக்கும் வண்டி 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எதிர்வண்டியைச் சந்தித்தே தீரும். அந்தச் சந்திப்பு நாள் முழுவதும் ஒரே இடங்களில்தான் நிகழும். எனவே அங்கே முதலில் அட்டவணையை வரைகிறார்கள். சந்திப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் இரண்டாவது தண்டவாளத்தைப் போடுகிறார்கள்.

உங்கள் பாதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவழியில் சுன்னாகம். எல்லா நிலையங்களிலும் நின்று போகும் வண்டிக்கு அது ஏறத்தாழக் கால் மணித்தியாலத் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த சந்திப்பு யாழ்ப்பாணத்தில் விழும். அங்கே எப்படியும் சில நிமிடம் நிற்கவேண்டியதுதான். மூன்றாவது சந்திப்பு நாவற்குழிக்கும் சாவகச்சேரிக்கும் நடுவே, நிலையம் இல்லாத இடத்தில் விழக்கூடும். அப்போது இரண்டு வழிகள் உண்டு: அந்த இடத்தில் புதிதாகப் பக்கப்பாதை போடுவது, அல்லது வண்டியின் ஓட்டத்தைச் சில நிமிடம் கூட்டிக் குறைத்துச் சந்திப்பைச் சாவகச்சேரிக்குத் தள்ளுவது. சுவிற்சர்லாந்தில் பெரும்பாலும் இரண்டாவதையே முதலில் முயல்வார்கள். அங்கே வேகம் என்பது அடுத்த சந்திப்புக்கு வேளைக்குப் போய்ச் சேரப் போதுமான அளவுதான். அதற்கு மேல் வேகமாக ஓடினால் அடுத்த நிலையத்தில் எதிர்வண்டிக்காகச் சும்மா நிற்கவேண்டியிருக்கும்.

#5 கொடிகாமத்து ஆசிரியை

பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள். மேடையைப் பற்றி யாரும் பேசவில்லை. பாடசாலை தொடங்கும் நேரத்துக்கு முன்னர் வரும் வண்டியில் ஏறுவோரில் பாதிப்பேர் பிள்ளைகள், மற்றவர்களில் முதியவர்கள், மருத்துவமனைக்குச் செல்வோர், பையோடு சந்தைக்குச் செல்வோர். நமது மேடைக்கும் பெட்டியின் தளத்துக்கும் இடையே படி ஏறவேண்டிய உயரம் இருக்கிறது, கதவு ஒடுக்கமானது, இறங்குபவரும் ஏறுபவரும் ஒரே கதவில் முட்டிக்கொள்கிறார்கள். அட்டவணையில் ஒரு நிமிடம் என்று எழுதியிருக்கும் நிறுத்தம் இரண்டு நிமிடமாக நீள்வதற்கு யாரும் தவறு செய்யவேண்டியதில்லை. பன்னிரண்டு நிறுத்தங்களில் இப்படி நடந்தால் பன்னிரண்டு நிமிடம் போய்விடுகிறது, தீவான் அவர்களின் 15 நிமிடச் சந்திப்பும் குழம்பிவிடுகிறது.

#6 வெள்ளவத்தையான்

ஆசிரியை சொன்னதே இந்த விடயத்தின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். கொழும்பின் கரையோரப் பாதையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை நிலையத்துக்குச் செல்லும் எவருக்கும் இது தெரியும். அங்கே இரட்டைப் பாதை உண்டு, வண்ண விளக்குச் சமிக்ஞை உண்டு, இருந்தும் காலைநேர வண்டிகள் பிந்துகின்றன. தாமதம் தண்டவாளத்தில் பிறப்பதை விட மேடையில் பிறப்பதே அதிகம்.

அது பிறக்கும் முறையைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு வண்டி நான்கு நிமிடம் பிந்துகிறது. அந்த நான்கு நிமிடத்தில் மேடைக்கு மேலும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். ஆகவே ஏறுவோர் கூடுகிறார்கள், நிற்கும் நேரம் நீள்கிறது, அடுத்த நிலையத்தை அடையும்போது தாமதம் ஐந்து நிமிடமாகியிருக்கும். அங்கே காத்திருப்போர் தொகை இன்னும் அதிகம். அதன் பின்னால் வரும் வண்டிக்கோ ஆட்களே மிஞ்சுவதில்லை. அது விரைந்து ஓடிவந்து முன்வண்டியின் வாலில் நின்றுகொள்கிறது. முன்னது பிதுங்குகிறது, பின்னது காலியாக வருகிறது. பாதையை எத்தனை மடங்காக்கினாலும் இந்தச் சுழல் தானாக நிற்காது.

ரோக்கியோவில் இதற்கு ஒரு வினோதமான மருந்து வைத்திருக்கிறார்கள்: ஒரு வண்டி பிந்தினால் அதற்கு முன்னால் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியையும் ஓரிரு நிமிடம் நிறுத்திவைப்பார்கள். முன்வண்டியில் இருப்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி விரியாமல் இருப்பதால், பிந்திய வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டம் ஊதிப்பெருகாது. அதே ஊரில் சூவோ விரைவுப் பாதையின் சின்ஜுக்கு நிலையத்தில் ஒரே திசைக்கு ஒரு மேடையின் இரு பக்கமும் பயன்படுகிறது. ஒரு பக்கத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வண்டி மறுபக்கத்தில் வந்து நிற்கும். நிலையத்துக்கு வெளியே வண்டி காத்துநிற்கவேண்டிய தேவை இல்லாமற்போகிறது. மேலதிகத் தண்டவாளம் நிலையத்துக்குள் மட்டும் போடப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

மும்பையில் இதற்கு நேர்மாறான பாடம் கிடைக்கிறது. திறந்த, அகன்ற கதவுகளோடு ஓடும் அந்த வண்டிகள் அரை நிமிடம்கூட நில்லாமல் போய்விடுகின்றன. விலை, தவறி விழும் உயிர்கள். 2017 டிசம்பரில் அங்கே குளிரூட்டிய, தானாக மூடும் கதவுள்ள வண்டி முதன்முறையாக ஓடத்தொடங்கியதும், நெரிசலில் கதவு மூட எடுக்கும் விநாடிகள் ஒரு புதிய கவலையாகிவிட்டன. பாதுகாப்புக்கு அந்த விநாடிகளைக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதை அட்டவணையில் எழுதிக்கொடுக்கவேண்டும்.

#7 கைகாட்டி

வெள்ளவத்தையான் கோட்டையைத் தொட்டதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிரதான பாதை, புத்தளம் பாதை, கரையோரப் பாதை, களனிவெளிப் பாதை ஆகிய நான்கின் வண்டிகளும் மருதானை, கோட்டை என்ற இரண்டு நிலையங்களை நாடித்தான் வருகின்றன. புத்தளம் பாதை ராகமையில் பிரதான பாதையோடு சேர்கிறது. களனிவெளிப் பாதை ஒற்றைப் பாதை. அத்தோடு கரையோரத்திலிருந்து வரும் வண்டிகள் பல கோட்டையில் முடியாமல் பிரதான பாதைக்குள் தொடர்கின்றன. அது பயணிகளுக்கு வசதி, மேடைகளுக்கும் ஓய்வு. கோட்டையில் வண்டியைத் திருப்பி நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் பாணந்துறைப் பக்கத்தில் ஏற்பட்ட தாமதம் ராகமைப் பக்கத்துப் பயணியையும் அதே வழியாகத்தான் வந்தடைகிறது. இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் கொழும்பை நெருங்கும் தூர வண்டிகள் அரைமணித்தியாலம் பிந்தினால் நேராக அந்த அலுவலக நெரிசலுக்குள் போய் விழும்.

நமது பக்கத்திலும் அதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. கே.கே.எஸ். வீதி கேட்ட கேள்விக்கு இதுவே என் பதிலின் தொடக்கம்: பிந்திய தூர வண்டிக்கும் நேரத்துக்கு நிற்கும் உள்ளூர் வண்டிக்கும் இடையில் யாரை விடுவது என்பதைச் சமிக்ஞை தீர்மானிப்பதில்லை, கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மனிதர் தீர்மானிக்கிறார். பழைய வழக்கப்படி கடுகதிக்கே முன்னுரிமை. அந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளூர் சேவை தொடங்கினால், கொழும்பு வண்டி பிந்தும் ஒவ்வொரு நாளும் கொடிகாமத்துப் பிள்ளைகள் பக்கப்பாதையில் இருந்து பாடம் படிக்கவேண்டியதுதான்.

#8 தீவான்

இங்கே உள்ள வழக்கம் வேறு. நேரத்துக்கு வரும் வண்டிக்கு அதன் இடம் உறுதி. பிந்தி வரும் வண்டி கிடைக்கும் இடைவெளியில் நுழைந்துகொள்ளவேண்டும். பிந்தியவனை முன்னால் விட்டால் அவனுடைய தாமதம் இன்னும் நான்கு பேருக்குப் பங்காகிவிடும் என்பது காரணம்.

இந்த விதியை எந்த அளவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதற்கு ஒரு சான்று. ஜெர்மனியிலிருந்து வரும் கடுகதி பெரிதும் பிந்திவிட்டால் அதைப் பாசல் நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே தயாராக நிற்கும் சுவிஸ் வண்டி குறித்த நேரத்துக்கு உள்நாட்டுக்குப் புறப்படும். பிந்திய வண்டியின் பயணிகள் அடுத்துவரும் உள்நாட்டு வண்டியில் ஏறிக்கொள்வார்கள். நாட்டின் எல்லையில் தாமதத்தை இறக்கிவைத்துவிட்டு வருகிறார்கள் என்று சொல்லலாம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இப்படி ஒரு மாற்று வண்டி நின்றால், குடாநாட்டு அட்டவணை கொழும்பின் தாமதத்துக்குக் கட்டுப்படத் தேவையில்லை.

#9 கே.கே.எஸ். வீதி

அரிசி மூட்டையும் கைக்குழந்தையும் பொன்னும் பொருளுமாகக் கொழும்பிலிருந்து வருபவரைக் கிளிநொச்சியில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவதா? பாசலில் அது மேடையைக் கடக்கும் வேலை. இங்கே அது ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு. மேலும், நாள்தோறும் சும்மா நிற்பதற்கு ஒரு வண்டியை வைத்திருக்கும் அளவுக்கு இங்கே யாரிடம் வண்டி இருக்கிறது? இருக்கும் வண்டியை முதலில் ஓடவிடுங்கள்.

#10 கைகாட்டி

மாற்று வண்டி விடயத்தில் நான் கே.கே.எஸ். வீதியின் பக்கம். ஆனால் தீவான் சொன்ன முன்னுரிமை விதிக்குச் செலவே இல்லை. காலை ஆறரை முதல் எட்டரை வரை பளைக்கு வடக்கே உள்ளூர் வண்டிக்கே முதலிடம் என்று எழுத்தில் ஓர் ஒழுங்கு இருந்தால் போதும். பிந்திய தூர வண்டிக்கு அதனால் மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடலாம். ஏழு எட்டு மணித்தியாலம் பயணித்தவருக்கு அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம் எவ்வளவு கசக்கும் என்பதை அறியாமல் சொல்லவில்லை; பயணம் முடியும் தறுவாயில் வரும் நிறுத்தமே மிகவும் எரிச்சலூட்டும். ஆயினும் இரண்டு பக்கமும் ஆட்களை எண்ணிப் பார்த்தால் வேலைக்கும் பாடசாலைக்கும் போகும் பெட்டிகளின் பக்கமே தராசு சாயும்.

#11 வடக்கு லண்டன்

கடைசி நிலையத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். லண்டனில் விக்ரோறியா நிலக்கீழ்ப் பாதையில் நெரிசல் நேரத்தில் மணித்தியாலத்துக்கு 36 வண்டிகள் ஓடுகின்றன. 2017 முதல் இந்த நிலை. அதன் தென்முனையான பிறிக்ஸ்ரனில் இருப்பவை இரண்டே மேடைகள். ஆக, ஒரு மேடைக்கு 18 வண்டிகள். ஒவ்வொரு வண்டியும் உள்ளே வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, வெளியேறி, அடுத்ததற்கு இடம் விடுவதற்கு 200 விநாடிகள். சாரதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், வந்த சாரதி இறங்கிக்கொள்ள, முன்னரே மறுமுனையில் காத்துநிற்கும் வேறு சாரதி வண்டியை எடுத்துச் செல்வார். இறங்கியவர் மேடையில் நடந்துபோய் அடுத்த வண்டியை எடுப்பார். ஓர் ஆளை மேலதிகமாக வைத்து ஒரு மேடை கட்டும் செலவை மிச்சப்படுத்துகிறார்கள்.

காங்கேசன்துறைக்கு 200 விநாடிக் கணக்கு தேவையில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்: வந்த வண்டி எத்தனை நிமிடத்தில் திரும்பிப் புறப்படும்?

#12 இணுவிலான்

வடக்கு லண்டனின் கேள்வியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காங்கேசன்துறையிலிருந்து கொடிகாமம் வரை எல்லா நிறுத்தங்களோடும் 70 நிமிடம் என்று கொள்வோம். போக 70, வர 70, இரண்டு முனைகளிலும் திரும்ப ஐந்து ஐந்து நிமிடம். ஒரு சுற்றுக்கு 150 நிமிடம். அரைமணித்தியாலத்துக்கு ஒரு வண்டி என்றால் ஐந்து தொடர்கள், அதாவது ஐந்து முழு வண்டிகள், போதும். இரு முனைகளிலும் இருபது இருபது நிமிடம் எடுத்தால் சுற்று 180 நிமிடமாகிறது. ஆறு தொடர்கள் வேண்டும். முனையில் செலவாகும் பதினைந்து நிமிடம் ஒரு முழு வண்டியை விழுங்கிவிடுகிறது. பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் இது சிறிய விடயம் அல்ல.

#13 கைகாட்டி

கணக்குச் சரி. அந்தப் பதினைந்து நிமிடம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனி இயந்திரம் இழுக்கும் வண்டி முனைக்கு வந்தால், இயந்திரத்தைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் பூட்டி, பிரேக் குழாய்களை இணைத்துச் சோதிக்கவேண்டும். அதற்குள் நிலையத்தின் இரண்டு தண்டவாளங்களும் அடைபட்டிருக்கும். அந்த நேரத்தில் வேறு வண்டி வந்தால் வெளியே நிற்கவேண்டியதுதான். இரு முனையிலும் சாரதி அறை உள்ள டீசல் தொடரில் இந்த வேலை எதுவும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு சாரதி மறுமுனைக்கு நடந்தால் சரி. எனவே உள்ளூர் சேவைக்கு நான் கேட்பது அத்தகைய தொடர்களை மட்டுமே. நான்கு பெட்டியாக இருந்தாலும் போதும்.

இன்னொன்று, பொதுவாக எவரும் நினைப்பதில்லை: காலை ஆறு மணிக்குக் கொடிகாமத்திலிருந்து வண்டி புறப்படவேண்டுமென்றால் அது முதல்நாள் இரவு கொடிகாமத்தில் உறங்கியிருக்கவேண்டும். அங்கே நிறுத்த ஒரு தண்டவாளம், காவல், சுத்தம் செய்யத் தண்ணீர், சாரதிக்கும் காப்பாளருக்கும் தங்குமிடம் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் விடியுமுன் யாழ்ப்பாணத்திலிருந்து வெறும் வண்டியை ஓட்டிச் செல்லவேண்டியிருக்கும்.

#14 கே.கே.எஸ். வீதி

சரி, ஓடுகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். மணித்தியாலத்துக்கு இரு திசையிலும் நான்கு வண்டிகள் என்றால், வீதிச் சந்திகளுக்கு அருகிலுள்ள புகையிரதக் கடவைகள் மணித்தியாலத்துக்கு நான்கு தடவை மூடப்படும். வீதியில் நிற்கும் பஸ்ஸிலும் அலுவலகம் போகும் ஆட்கள்தான் இருக்கிறார்கள். காவலாளி இல்லாத கடவைகள் எத்தனையோ இருக்கும் ஊரில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்றால், முதலில் அந்தக் கடவைகளுக்குத் தடையும் மணியும் வரவேண்டும். நான் புகையிரதத்துக்கு எதிரானவன் அல்ல. உயிரோடு வேலைக்குப் போக விரும்புபவன்.

#15 தீவான்

கடவை விடயத்தில் அவர் சொல்வதை அட்டவணை வரைபவரே முதலில் கேட்கவேண்டும். குறோசிங் நிலையத்தின் வாயிலிலேயே கடவை இருந்தால், முதல் வண்டிக்காக மூடிய தடையை எதிர்வண்டியும் போகும் வரை திறக்கமுடியாமல் போகலாம். தடவைகள் குறையும், ஒவ்வொரு தடவையும் நீளும். இரண்டு வண்டிகளும் அரை நிமிட இடைவெளியில் வந்தால் வீதிக்கு நன்மை. ஒன்று வந்து ஐந்து நிமிடம் கழித்து மற்றது வந்தால் வீதிக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. ஆகவே நேரந்தவறாமை வண்டியில் இருப்பவருக்கு மட்டுமல்ல, கடவையில் நிற்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் தேவைப்படுகிறது. காவலற்ற கடவைகளைப் பற்றி அவர் சொன்னதற்கு மறுப்பே இல்லை. சேவை தொடங்கும் செலவில் அதுவும் ஒரு பகுதி.

#16 கொடிகாமத்து ஆசிரியை

நேரந்தவறாமை என்று சொல்லும்போது எதை வைத்து அளப்பது என்பதையும் இப்போதே பேசிவைப்பது நல்லது. சுவிற்சர்லாந்தில் மூன்று நிமிடத்துக்குக் குறைவாகப் பிந்தினால்தான் அது நேரத்துக்கு வந்த வண்டி. ஜெர்மனியில் ஆறு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் போதும். ஒரே வண்டி எல்லைக்கு இந்தப் பக்கம் பிந்தியது, அந்தப் பக்கம் பிந்தாதது. அதைவிட எனக்குக் கவலையானது, அளவை எந்த நிலையத்தில் எடுக்கிறார்கள் என்பது. கடைசி நிலையத்துக்கு முன்னர் அட்டவணையில் ஏழெட்டு நிமிடத்தைச் சும்மா சேர்த்துவைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். வழியெல்லாம் பிந்திவந்த வண்டி முனையில் நேரத்துக்கு வந்ததாகப் பதிவாகிவிடும். கொடிகாமத்தில் ஏறிக் கொக்குவிலில் இறங்கிப் பல்கலைக்கழகத்துக்கு நடப்பவருக்கு அந்தக் காங்கேசன்துறைப் பதிவால் ஒரு பயனும் இல்லை. அளவை யாழ்ப்பாணத்திலும் எடுக்கவேண்டும், காலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் எடுக்கவேண்டும்.

மேடையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். நான்கு பெட்டித் தொடர் நீண்ட மேடையில் எங்கே நிற்கும் என்று தெரியாமல் ஆட்கள் ஓடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கதவு வரும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டி, இறங்குபவருக்கு நடுவில் வழி விட்டு, ஏறுபவர் இரு பக்கமும் வரிசையில் நிற்கும் பழக்கத்தைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என் பொறுப்பு. சாயத்துக்கும் தூரிகைக்கும் யாராவது பொறுப்பெடுக்கட்டும்.

#17 வெள்ளவத்தையான்

ஆசிரியை அவர்களுக்கு: கோடு போட்டால் மட்டும் போதாது, வண்டி ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நிற்கவேண்டும். சாரதி பார்த்து நிறுத்துவதற்கு மேடை ஓரத்தில் பெட்டி எண்ணிக்கை எழுதிய பலகை ஒன்று நட்டால் அந்த வேலையும் முடிந்துவிடும். மேடைக்குள் நுழையும் படலை, பெட்டிகள் நிற்கும் இடத்தின் ஒரு முனையில் இருந்தால், பலகையை இருபது மீற்றர் நகர்த்தி நடுவில் வரச்செய்யுங்கள். எல்லாரும் முதற்பெட்டியிலேயே ஏறுவது குறையும்.

#18 இணுவிலான்

எல்லாருக்கும் நன்றி. கைகாட்டி ஐயாவிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் முதலாவதாகச் செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள்?

#19 கைகாட்டி

சுன்னாகத்தில் இரண்டு வண்டிகளை ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கக்கூடிய பக்கப்பாதையும், அதன் இரு பக்கமும் மேடையும், பிள்ளைகள் தண்டவாளத்தில் இறங்காமல் கடக்க ஒரு பாலமும். அது இருந்தால் காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மட்டும் இரண்டு டீசல் தொடர்களோடு அரைமணித்தியால சேவையை நடத்திவிடலாம். ஒரு தொடர் போகும்போது மற்றது வரும், இரண்டும் சுன்னாகத்தில் சந்திக்கும். போக 25 நிமிடம், திரும்ப ஐந்து. சுற்று ஒரு மணித்தியாலம். கொடிகாமம் பகுதியை அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம். ஆசிரியை என்னோடு கோபிக்கக்கூடாது.

#20 கொடிகாமத்து ஆசிரியை

கோபமில்லை, ஐயா. ஆனால் தென்மராட்சிக்காரர் இதை ஒத்துக்கொண்டார்கள் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். அதே கணக்கை யாழ்ப்பாணத்துக்கும் கொடிகாமத்துக்கும் இடையிலும் போட்டு, சந்திப்பு சாவகச்சேரியில் விழுமாறு வரைந்து தாருங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் அனுப்புவோம்.